நாலே முக்கால் கேட் பாஸ்

செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். லிப்ட் வேண்டாம், படிக்கட்டுதான். லிப்ட் கதவு திறக்கும்போது வருகிற ‘டிங்’ சத்தத்துக்கே எங்கள் அத்தை கண்ணைத் திறந்து “யாரு?” என்று கேட்டுவிடுவார். கேட்டால் போச்சு, அன்றைய நடை அத்தோடு சரி.

சிறுசேரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். சிப்காட் வளாகம், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம், உருகுவே நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் பட்டாம்பூச்சி வடிவத்தில் வரைந்து கொடுத்த டி.சி.எஸ். கட்டடங்கள், ஓ.எம்.ஆர். நடுவில் முளைத்து நிற்கும் மெட்ரோ தூண்கள். அதெல்லாம் வாசல்பக்கம். நான் காட்டப்போவது கொல்லைப்பக்கம்.

காலையில் கம்பெனி பஸ்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போன பிறகு இந்த அடுக்ககங்களில் யார் இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? படுக்கையில் ஓர் அம்மா. சக்கர நாற்காலியில் ஓர் அப்பா. பக்கவாதம், மறதி நோய், இடுப்பெலும்பு முறிவு. அவர்களைச் சுற்றி மருமகள்கள், மகள்கள், ரிட்டயர் ஆன கணவர்கள், ஏஜென்சி அனுப்பிய அட்டெண்டர் அக்காக்கள். மகன்களும் உண்டு, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள். மீட்டிங்கை ம்யூட்டில் போட்டுவிட்டு டயப்பர் மாற்றுகிற சூரர்கள். எல்லோரும் நாளுக்கு ஒரு தடவை, நாலே முக்காலுக்கு, ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறுகிறார்கள். எங்கே? பக்கிங்காம் கால்வாய்க்கு!

அதென்ன நாலே முக்கால் என்று கேட்பீர்கள். அதுதான் எங்கள் ஒப்பனை அறை ரகசியம். நாலு மணிக்கு அத்தையைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும், ஏர் பெட் இருந்தாலும் சரி. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் அடியில் ஒரு சின்னத் தலையணை. நாலேகாலுக்குள் தலைமாட்டை உயர்த்தி, மூக்கு வழியாகப் போகிற ரைல்ஸ் ட்யூபில் வடிகட்டிய ராகிக் கஞ்சி, பின்னாலேயே குழாய் அடைக்காமலிருக்க வெதுவெதுப்பான தண்ணீர். அதற்குப் பிறகு அரைமணி நேரம் தலைமாட்டை இறக்கக் கூடாது. இறக்கினால் உள்ளே போனது மேலே ஏறி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து. அந்த அரைமணி முடிகிற நேரம் நாலே முக்கால். அடுத்த புரட்டல் ஆறுக்கு. நடுவில் கிடைக்கிற ஒரு மணி நேரச் சந்துதான் எங்களுடையது. சித்திரை வெயிலில் மட்டும் ஆறு மணிப் புரட்டலை முடித்துவிட்டுக் கிளம்புவோம். தார்ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். என் கை தாங்காத சூட்டை நாயின் பாதம் மட்டும் தாங்குமா?

நாய்க்கயிறு எங்கே தொங்குகிறது தெரியுமா? ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரின் கைப்பிடியில். பார்க்கிற டாக்டர்கள் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது, வீட்டில் எப்போதும் கண்ணில் படுகிற இடம் அது ஒன்றுதான்.

இப்போது மூளைக்குள் வாருங்கள், இந்தத் திட்டத்தின் மூளைக்குள். வீட்டில் ஒரு நோயாளி இருக்கும்போது மருமகள் ஒருத்தி “கொஞ்சம் நடந்துட்டு வரேன்” என்று சொல்லிப் பாருங்கள். “இந்த வெயில்லயா?” என்று ஒரு குரல் வரும். “அம்மாவ யாரு பாத்துப்பா?” என்று வேறொன்று. வீடியோ காலில் நாத்தனார், “ஓ, வாக்கிங்கா? நல்லது நல்லது” என்பார். அந்த இரண்டாவது ‘நல்லது’ இருக்கிறதே, அதை ஒரு வாரம் மெல்லலாம். அதே மருமகள் கயிற்றை எடுத்து, “நாய் நிக்குது” என்று இரண்டே வார்த்தை சொன்னால்? “ஐயையோ, சீக்கிரம் கூட்டிட்டுப் போ! ஹால்ல போயிடப் போவுது!” மொத்தக் குடும்பமும் கதவைத் திறந்துவிடும். நாத்தனாரே, “நீ போம்மா, நான் அம்மாகிட்ட பேசிட்டிருக்கேன்” என்று போனில் காவலுக்கு நிற்பார்.

தனக்காக ஒரு மணி நேரம் கேட்கிறவள் சுயநலக்காரி. நாய்க்காகக் கேட்கிறவள் பொறுப்பானவள். இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்க வேண்டும். எங்களில் பாதிப் பேர் நாய் வளர்த்ததே இதற்காகத்தான் என்பது என் சந்தேகம். யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

சரி, நட்சத்திரங்களைப் பார்ப்போம். என் கையில் இழுத்துக்கொண்டு போவது பஜ்ஜி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பார்க்கிங்கில் வந்து ஒதுங்கிய குட்டி, பொன்னிறம். மூன்று காலோடு ராணி மாதிரி நடக்கிறாளே, சுந்தரி. மெட்ரோ தூணுக்கடியில் கிடைத்ததால் அந்தக் கறுப்பன் பெயர் மெட்ரோ. ஒற்றைக் கண்ணும் விறைத்த வாலுமாய் வருவது கர்னல். அவனுக்குப் பிடித்தது அட்டெண்டர் அக்கா ஒருவரை மட்டும். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர் அவர். இருபத்துநாலு மணி நேர டியூட்டியில் அவருக்கென்று இருப்பது இந்த ஒரு மணி நேரம். “எங்கூர்ல நாய்க்குப் பேரே வெக்க மாட்டோம் மேடம். இங்க வந்து கர்னலுக்கு சலாம் வெக்கிறேன்” என்பார்.

கிட்டே வந்து மெட்ரோவின் இடது காதைப் பாருங்கள். நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. அடிபட்டதல்ல. கருத்தடை அறுவை முடிந்தது, வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்று என்பதற்கான முத்திரை. நாய் பிடிக்கிற வண்டிக்காரர்கள் தூரத்திலிருந்தே பார்த்து, இதை இன்னொரு தரம் பிடிக்காமல் விட்டுவிடுவார்கள்.

அந்த வெட்டுக்குப் பின்னால் ஒரு சென்னைக் கதை. 1959 மழையில் தி.நகர் தெரு வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். புளூ கிராஸ் அப்படித்தான் பிறந்தது. அவர் மனைவி உஷா சுந்தரம் நாட்டின் முதல் பெண் விமானிகளில் ஒருவர் என்பது கொசுறுச் செய்தி. அன்றைக்கெல்லாம் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டால் எண்ணிக்கை தானாகக் குறையும் என்று புளூ கிராஸ்காரர்கள் 1964 முதல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சென்னை மாநகராட்சி தலையாட்டியது 1996ல். முப்பத்திரண்டு வருஷப் பொறுமை! அதே யோசனைதான் பிறகு நாடு முழுவதற்கும் சட்ட விதியாகி, 2023ல் புதுப்பிக்கப்பட்டது. எந்த வருஷமும் இது சண்டைக்குரிய விஷயம்தான். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாள் கழித்து, வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் பழைய இடத்திலேயே விடலாம், சோறு மட்டும் குறித்த இடங்களில்தான் போட வேண்டும் என்று மாற்றியது. அந்தப் பதினோரு நாளில் எங்கள் வாட்ஸப் குழு அடைந்த கொதிநிலையை இங்கே எழுத இடம் போதாது.

நாய் வைத்திருக்கவே கூடாது என்று ஓர் அசோசியேஷன் கூட்டத்தில் தீர்மானம் போடப் பார்த்தார்கள். விலங்குகள் நல வாரியம் 2015ல் அனுப்பிய சுற்றறிக்கையின் அச்சுப் பிரதியோடு ஆறாம் மாடி மாமா எழுந்து நின்றார். குடியிருப்போர் சங்கம் செல்லப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று அதில் இருக்கிறது. அந்த வாரியமும் நம்மூர்ப் பிள்ளைதான். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பலன் 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம். அதன்படி 1962ல் வந்த வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2018ல் ஹரியானாவுக்குப் போகும்வரை அலுவலகமும் சென்னையில்தான் இருந்தது. பரதநாட்டியத்துக்கு அவர் செய்தது ஊருக்கே தெரியும். பஜ்ஜிக்குச் செய்தது எங்களுக்குத் தெரியும்.

மணி நாலு ஐம்பது. கிளம்புவோம்!

ஓ.எம்.ஆரைக் கடப்பது தனி சாகசம். ஆறு வழிச் சாலை, நடுவில் மெட்ரோ வேலைத் தடுப்பு. மாதவரத்தில் புறப்படும் மூன்றாவது வழித்தடம் இங்கே சிப்காட்டில்தான் முடியப்போகிறது. அதுவரை தூசி எங்கள் பங்கு. மீட்ட நாய்களுக்குக் கழுத்துப்பட்டை கூடவே கூடாது என்பதை இந்த ரோட்டில்தான் புரிந்துகொள்வீர்கள். ஒரு லாரி ஹாரன் அடித்தால் போதும், நாய் முன்னால் ஓடாது; பின்னால் நழுவும். காதை மடித்துக்கொண்டு தலையைப் பட்டையிலிருந்து உருவிக்கொண்டு, போயே போச்சு. அதனால் முன்னங்காலுக்குப் பின்னால் சுற்றிவரும் மார்புப் பட்டை. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் போகலாம், மூன்றாவது விரல் போகக் கூடாது. பஜ்ஜிக்கு ஹெல்மெட் போட்டவர்களைக் கண்டால் உதறல். சுந்தரிக்குத் துடைப்பம். மெட்ரோவுக்கு ரெயின்கோட். எங்கே, யாரிடம், என்ன வாங்கியிருக்கும் என்று இதை வைத்தே ஊகிக்கலாம். ஊகிப்பதோடு விட்டுவிடுவோம்.

ஏகாட்டூர்ப் பக்கம் திரும்பியதும் எல்லைத் தகராறு. இளநீர்க் கடைத் தெருநாய்க் கூட்டம் என்று ஒன்று உண்டு. தலைவி ஒரு செம்மி, காதில் வெட்டு உள்ளவள். அவள் எல்லைக்குள் வீட்டு நாய் நுழைந்தால் முதலில் உட்கார்ந்தபடியே ஓர் உறுமல், பிறகு தீர்ப்பு. கயிறு தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் நம் பயம் கயிறு வழியாக நாய்க்குப் போய்விடும். கண்ணோடு கண் பார்க்கக் கூடாது. நேராகப் போகாமல் கொஞ்சம் அரைவட்டமாகச் சுற்றிப் போக வேண்டும். கடிபட்டால் என்ன செய்வது என்பதில் அட்டெண்டர் அக்கா கறார்: குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவல், பிறகு நேரே அரசு ஆஸ்பத்திரி, ஊசி அட்டையில் எழுதிக் கொடுக்கிற எல்லாத் தேதிக்கும் தவறாமல் போவது. “மஞ்ச வெச்சேன், மொளகாப்பொடி வெச்சேன்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்!”

அப்புறம் வருகிறது கால்வாய். ஏமாந்துவிடாதீர்கள், பளிங்கு நடைபாதையும் பெஞ்சும் கிடையாது. மண்மேடு, சீமைக் கருவேலம், உடைந்த பாட்டில், பிளாஸ்டிக். காற்று திரும்பினால் நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஆனாலும் அந்த மேட்டில் ஏறியதும் எதிரே கட்டடமே இல்லாத வானம் இருக்கிறதே! காலையிலிருந்து ட்யூப்லைட்டும் மாத்திரை டப்பாவும் பார்த்த கண்ணுக்கு அந்த அகலமே போதும்.

நாற்றத்திலும் சேதி உண்டு என்பது பஜ்ஜியின் கொள்கை. அவன் நிதானமாக மோந்து பார்க்கும் தண்ணீர் எங்கெங்கோ சுற்றி வந்தது. தாம்பரம் பக்கத்துச் செம்பாக்கம், சேலையூர் ஏரிகளின் உபரி பள்ளிக்கரணை சதுப்பில் விழுகிறது. 2022ல் ராம்சர் பட்டியலில் ஏறிய அதே சதுப்பு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, மடுவிலிருந்து இந்தக் கால்வாய், கால்வாயிலிருந்து முட்டுக்காடு முகத்துவாரம், கடல். நடுவில் நகரத்துச் சாக்கடையும் சேர்ந்துகொள்கிறது. தென்சென்னையின் தினசரிப் பத்திரிகையை மூக்காலேயே படிக்கிறான் பயல். குடிக்க மட்டும் விடுவதில்லை. எலிக் காய்ச்சல் நாயையும் விடாது.

இந்த மண்மேட்டுக்கு ஒரு பூர்வோத்தரம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் நகர மாட்டேன். 1806ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னைக்கு வடக்கே எண்ணூர்ப் பக்கம் தொடங்கிய வெட்டு இது. பிறகு தெற்கிலும் வடக்கிலும் துண்டுதுண்டாக நீண்டது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். ஊரில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே விட்டுப்போயிருந்த சுமார் 8 கிலோமீட்டரைப் பசித்த ஜனங்கள்தான் நிவாரணக் கூலிக்கு வெட்டி இணைத்தார்கள். பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். உப்பும் சவுக்கு விறகும் படகில் சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் கோல் ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது ஆட்கள் கரையில் நடந்தபடியே கயிறு கட்டி இழுப்பார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் போனது இந்தக் கால்வாயில், படகில்தான். ‘மாவலிபுரச் செலவு’ அந்தப் பயணத்தில் பிறந்த கவிதை. 1960களின் புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து படுத்துவிட்டது. 2008ல் தேசிய நீர்வழிச் சாலை எண் 4 என்று அறிவித்தார்கள். படகு ஒன்றும் வந்தபாடில்லை. ஆக, கயிறும் இழுப்பும் உள்ள போக்குவரத்தைக் கரையில் இன்றைக்கும் விடாமல் நடத்திவருவது நாங்கள்தான். இழுப்பது மட்டும் எதிர்த்தரப்பு.

அதோ, மெதுவாக! கர்னல் குரைக்கப் போகிறான், வாயில் பிஸ்கட்டை வையுங்கள். தண்ணீரில் கூழைக்கடா. அலகுக்கடியில் பை தொங்க, தலையைச் சாய்த்து ஒரு முங்கு; எழுந்ததும் பையை மார்போடு அழுத்தித் தண்ணீரை ஓரமாக வழியவிட்டு, பிறகுதான் அண்ணாந்து விழுங்குகிறது. ஒரு வாய்க்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது பாருங்கள்! அத்தைக்குக் கஞ்சி ஏற்றும்போது அவசரப்படக் கூடாது என்று நர்ஸ் எத்தனையோ தடவை சொன்னது, இதைப் பார்த்த அன்றுதான் என் கைக்குப் புரிந்தது. ஆழமில்லாத ஓரத்தில் ரோஸ் நிறக் குச்சிக்கால்களோடு பவளக்கால் உள்ளான்கள். குளிர்காலத்தில் கேளம்பாக்கம், கோவளம் உப்பங்கழிப் பக்கம் பூநாரைகளும் இறங்கும். அதற்கு ஒரு மணி நேர லீவு பற்றாது என்பதுதான் இந்தக் கோஷ்டியின் நிரந்தர வருத்தம்.

இங்கே என்ன பேசிக்கொள்வோம் என்று ஒட்டுக்கேட்கத்தானே வந்தீர்கள்? கேளுங்கள். வாடகைக்கு ஏர் பெட் எங்கே மலிவு. எந்த டயப்பர் ராத்திரி தாங்கும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆட்கள் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி சொல்லிக்கொடுப்பார்கள், அவர்களைப் பிடிப்பது எப்படி. 2021லிருந்து இருக்கிற திட்டம், பணம் கேட்காத திட்டம். அடுக்ககத்துக்காரர்கள்தான் நமக்கில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதெல்லாம் பத்து நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் சிரிப்பு. மறதி நோய் வந்த ஒரு மாமி தினமும் கணவரைப் பார்த்து, “நீங்க யாரு, ரொம்ப நல்லவரா இருக்கீங்களே! கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்பதை அந்தக் கணவரே நடித்துக் காட்டுவார். வீட்டுக்குள் இதற்குச் சிரித்தால் பாவம். கரையில் சிரிக்கலாம், சட்டம் கிடையாது.

ஒரு நாள் கரையில் இதையும் சொன்னேன்: இங்கிலாந்தில் சின்னமன் டிரஸ்ட் என்று 1985லிருந்து ஓர் அமைப்பு. முதியவர்களும் தீராத நோயாளிகளும் வளர்க்கும் நாய்களை அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் வந்து நடக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். கேட்டதும் அட்டெண்டர் அக்கா, “அப்ப நாய் வெளிய போவும், பாத்துக்கிறவ வீட்லயே கெடப்பாளா? வேணாம் மேடம், அந்தத் திட்டம் நமக்கு ஒத்துவராது” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

போன் அதிர்கிறது. வாட்ச்மேன் அண்ணன்: “மேடம், மணி அஞ்சே கால்.” அவர்தான் எங்கள் கடிகாரம். திரும்பும்போது வேகநடை. கேட்டருகே உண்ணி சோதனை: காது மடிப்பு, கால்விரல் இடுக்கு, வால் அடி. இந்த ஊர் ஈரத்தில் உண்ணி ஒட்டிக்கொண்டால் காய்ச்சல் வந்து நாய் சுருண்டுவிடும். பிறகு பாதம் கழுவல், என் கை முழங்கை வரை சோப்பு, உடை மாற்றல். அத்தை அறைக்குள் அதற்கப்புறம்தான். பஜ்ஜி வாசற்படியோடு சரி. அத்தை இருக்கிற திசையில் ஒரு வாலாட்டல், அத்தையின் இடது கையில் இரண்டு விரல் அசைவு. வணக்கம் சொல்லிக்கொள்கிறார்களாம்.

எல்லாம் சரி, நாங்கள் இல்லாத அந்த ஒரு மணி நேரம் படுக்கைக்குப் பக்கத்தில் யார்? கடைசியாகத்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆறாம் மாடி மாமா. மாமி தவறி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவருக்கு இப்போது டியூட்டியும் இல்லை, கேட் பாஸும் வேண்டாம். மாமிக்காகக் கற்றுக்கொண்டதெல்லாம் வீணாகக் கூடாது என்று தானாகவே வந்து நின்றார். நாலே முக்காலுக்கு, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாத ஒரு வீட்டில் ரிலீவர். நாளுக்கு ஒரு வீடு, முறை வைத்து. ராத்திரி சுந்தரி அவரோடுதான். நிபந்தனை இரண்டே இரண்டு: சர்க்கரை போடாத டிகிரி காபி, கிரிக்கெட் இருந்தால் டி.வி. ரிமோட்.

செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் வரமாட்டார், பேத்திக்குப் பாட்டு கிளாஸ். அந்த ஒரு நாளுக்குத்தான் இப்போது ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். புரட்டிப் படுக்கவைக்கத் தெரிய வேண்டும், ட்யூப் நழுவினால் தானே சொருகாமல் எங்களைக் கூப்பிட வேண்டும். நாய் பயம் இருந்தால் பரவாயில்லை, கரைக்கு வரப்போவது நீங்கள் இல்லையே. காபி நாங்கள் போட்டுத் தருகிறோம்.